இரண்டு வார இருமலுக்கு எந்தச் சளிச் சோதனை?

கோலாலம்பூரில் ஒருவருக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்கடையில் வாங்கிய இருமல் மருந்து தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கும் முடிந்துவிட்டது. இனி சோதனைதான் என்று வீட்டில் முடிவாகிறது. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே மாதிரியில் இருபது முப்பது கிருமிகளைப் பார்த்துத் தருகிறோம் என்கிறது தனியார் மருத்துவமனை. அரசாங்கக் கிளினிக் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, நாளைக் காலைச் சளியோடு வரச் சொல்கிறது. ரத்தத்தைக் கொடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று அடித்துச் சொல்கிறார் மாமா.

நான் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் சளி மாதிரிகளோடு பிழைப்பு நடத்துபவன். எந்தச் சோதனை என்று எழுதித் தருவது மருத்துவரின் வேலை. ஆனாலும் எதைக் கேட்பது, எதற்குக் காசு கொடுக்காமல் இருப்பது என்பது தெரிந்திருந்தால் நோயாளிக்கு நல்லது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்கு முதலில் காசநோய் உண்டா இல்லையா என்று பாருங்கள். அதை அரசாங்கக் கிளினிக்கில் பாருங்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறுச் சோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையும் சேர்ந்து போகட்டும். தனியாரின் பெரிய தொகுப்புச் சோதனை வேறு வகை நோயாளிக்கு உரியது.

காசநோய் ஏன் முதலில்? மலேசியாவில் ஆண்டுதோறும் 25,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. 1961-லிருந்து தேசியக் காசநோய்த் திட்டம் நடக்கும் நாட்டில் இது சின்ன எண்ணிக்கை அல்ல. நெருக்கமான அடுக்குமாடி வீடுகள், ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் தொழிலாளர் விடுதிகள், கதவை அடைத்துக் குளிரூட்டிய கடைகள் எல்லாம் நம் நகரத்தில் தாராளமாக உண்டு.

மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி என்றால் கதை வேறு. அப்போது மருந்துக்கடையில் கிடைக்கும் கோவிட், இன்ஃபுளுவென்சா இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆன்டிஜன் பெட்டி போதும். மூக்கிலிருந்து எடுக்கும் மாதிரி மேல் சுவாசப்பாதையைக் காட்டும்; நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டு வார இருமலுக்கு அந்தப் பெட்டியில் ஒரு கோடு வந்ததால் நிம்மதியடைவதில் பொருளில்லை.

மிகப் பழைய சோதனை கண்ணாடித் தகட்டுச் சோதனை. காசநோய்க் கிருமியை 1882-ல் ராபர்ட் கோக் அறிவித்தார். அடுத்த ஆண்டுகளில் உருவான சாய முறையைத்தான், சில மாற்றங்களோடு, இன்றும் செய்கிறோம். சளியில் மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும் துணுக்கைத் தேடி எடுத்துத் தகட்டில் தடவிக் காயவைப்போம். மேலே சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டுவோம், கொதிக்க விடக்கூடாது. பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவுவோம். மற்ற எல்லாவற்றிலும் சிவப்பு போய்விடும். மெழுகுச் சுவர் கொண்ட காசநோய்க் கிருமி மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். நீலச் சாயத்தைக் கடைசியாக ஊற்றிவிட்டுப் பார்த்தால் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும். பெரிய ஆய்வுக்கூடங்களில் இப்போது ஒளிரும் சாயம் பயன்படுகிறது. கறுப்பில் மஞ்சளாக மின்னும், கண்ணுக்கும் வேலை குறைவு.

கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன் நுண்ணோக்கியில் நூறு பார்வைப்புலங்களையாவது பார்க்க வேண்டும். அந்த நூறில் ஒன்றிலிருந்து ஒன்பது கிருமி வரை இருந்தால் எண்ணிக்கையை அப்படியே எழுதுவோம். பத்திலிருந்து தொண்ணூற்றொன்பது என்றால் ஒரு பிளஸ். ஒவ்வொரு புலத்திலும் பத்துக்கு மேல் இருந்தால் மூன்று பிளஸ். மூன்று பிளஸ் தகட்டைக் கண்டுபிடிக்கத் திறமை வேண்டியதில்லை. நூறில் இரண்டு மூன்று மட்டும் உள்ள தகடு, தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டில் தெரிந்த முகத்தைத் தேடுவது போன்றது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் தகட்டில் நம்பிக்கையாகத் தென்படும். ஆகவே தொடக்க நிலை நோயாளிகள் பலரை இந்தச் சோதனை தவறவிடுகிறது. காசநோய்க் கிருமியையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த, காசநோய் உண்டாக்காத மற்றக் கிருமிகளையும் பிரித்துச் சொல்லவும் அதனால் முடியாது.

அப்படியானால் இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? மலிவு, அன்றே முடிவு என்பவை சிறு காரணங்கள். பெரிய காரணம், தகட்டில் தெரிகிற அளவுக்குச் சளியில் கிருமி உள்ளவர் சுற்றியிருப்பவர்களுக்கு அதிகம் பரப்பக்கூடியவர். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று எவ்வளவு அவசரமாக விசாரிப்பது, யாரை முதலில் கூப்பிட்டுச் சோதிப்பது என்பதையெல்லாம் அந்த பிளஸ் எண்ணிக்கை தீர்மானிக்கும். சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் இதுவே கைகொடுக்கும்.

அடுத்தது மூலக்கூறுச் சோதனை; நம் மருத்துவமனைகளில் ஜீன்எக்ஸ்பர்ட் என்றால் எல்லாருக்கும் தெரியும். உலகச் சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதைப் பரிந்துரைத்தது; கூர்மை கூட்டிய அல்ட்ரா வகை 2017-ல் வந்தது. சளியை ஒரு திரவத்தோடு கலந்து கார்ட்ரிட்ஜ் என்ற பிளாஸ்டிக் உறையில் ஊற்றி இயந்திரத்தில் வைத்தால், கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்த்து இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடும். தகட்டுக்கு ஆயிரக்கணக்கில் கிருமி வேண்டியிருக்க, முதல் வகைக்கு மில்லிலிட்டருக்கு நூற்று முப்பது அளவில் போதும்; அல்ட்ராவுக்குப் பதினாறு அளவில் போதும். காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதையும் அதே ஓட்டத்தில் சொல்லிவிடுகிறது. இது சாதாரண லாபமல்ல. அடங்காத கிருமிக்கு வழக்கமான மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டுப் பிறகு விழித்துக்கொள்வதை இது தடுக்கிறது.

குறைகளும் உண்டு. மற்றொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட்டைப் பற்றி வழக்கமான உறை எதுவும் சொல்லாது. செத்த கிருமியின் மரபணுவையும் இருக்கிறது என்றே காட்டும். எல்லாச் சுகாதார கிளினிக்கிலும் இயந்திரம் கிடையாது. மாதிரி பெரிய மருத்துவமனைக்குப் போய் முடிவு திரும்பிவரச் சில நாள் ஆகலாம். இரண்டு மணி நேரச் சோதனை என்பது இயந்திரத்தின் கணக்கு. நோயாளியின் கணக்கில் வேன் போகும் நேரமும் சேரும்.

வளர்ப்புச் சோதனைதான் கடைசி நீதிமன்றம். கிருமிக்கு உணவாகும், முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தைச் சாய்வாக உறையவைத்த சிறு புட்டியில் கிருமி வளர மூன்று முதல் எட்டு வாரம் ஆகும். திரவ ஊடகத்தில் வேகம் அதிகம். இருந்தாலும் இல்லை என்று முடிவெழுத ஆறு வாரம் காக்க வேண்டும். இந்தக் கிருமி ஒரு முறை இரட்டிக்கவே பதினைந்து முதல் இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, அவசரப்படுத்த வழியில்லை. ஆனால் மில்லிலிட்டருக்குப் பத்து முதல் நூறு உயிருள்ள கிருமி இருந்தாலே பிடித்துவிடும். வளர்ந்த கிருமியின் மேல் எல்லா மருந்துகளையும் வைத்துப் பார்க்கலாம். சுங்கை பூலோவிலுள்ள தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் இந்த வேலைக்கு நாட்டின் தலைமை இடம். வேகமான சோதனை கைக்கு வந்துவிட்டதே, வளர்ப்பு எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜீன்எக்ஸ்பர்ட் சிகிச்சையைத் தொடங்கிவைக்கும்; அந்தச் சிகிச்சை சரியானதா என்பதை வளர்ப்பு பிறகு உறுதி செய்யும். ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் முதலாவதைத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அப்படித் தேர்ந்தெடுக்கும் அவசியமே பெரும்பாலும் இல்லை. ஒரே காலையில் கொடுக்கும் சளி இரண்டுக்கும் போதும்.

இனி, காசநோய் அல்லாத சாதாரண நிமோனியா. இதற்குச் செய்வது கிராம் சாயமும் பாக்டீரியா வளர்ப்பும். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட சாய முறை, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைக் காண முயன்றபோது பிறந்தது. முடிவு இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்பதும் கூடவே வரும். இந்தச் சோதனையில் மாதிரியின் தரத்தை நாங்கள் முதலில் எடைபோடுவோம். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு புலத்துக்கு வாய்த்தோல் செல்கள் பத்துக்குக் குறைவாகவும், வெள்ளணுக்கள் இருபத்தைந்துக்கு மேலும் இருந்தால் நல்ல சளி. வாய்த்தோல் செல் மண்டிக் கிடந்தால் அது எச்சில். அதை வளர்த்தால் வாயில் குடியிருக்கும் கிருமிகள்தான் வளரும். மாதிரியைத் தள்ளிவிட்டு மறுபடி கேட்போம். பலருக்கு இதில் வருத்தம். தப்பான முடிவைக் கையில் கொடுப்பதைவிட அந்த வருத்தமே மேல்.

இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு தனிக் குறிப்பு. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். மெலியோய்டோசிஸ் வரும் வாய்ப்பும் கூடும். பின்னது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது. இந்த நோயை ரங்கூனில் கண்டு 1912-ல் எழுதியவர்கள் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும். மறு ஆண்டே கோலாலம்பூரில், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை விலங்குகளிடையே ஒரு கொள்ளைநோய் பரவியது. அதை ஆராய்ந்த ஸ்டான்டன், ஃபிளெட்சர் இருவரும்தான் பின்னர் மெலியோய்டோசிஸ் என்ற பெயரையே சூட்டினார்கள். அதாவது இது அந்தக் கழகம் இருந்த நம் ஜாலான் பஹாங் வட்டாரத்துச் சரித்திரம். எக்ஸ்ரேயில் காசநோயைப் போலவே தோன்றி ஏமாற்றும் நோய் இது. காசநோய் மாத்திரை இதற்குக் கேட்காது. வாரக்கணக்கில் ஊசியும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டும். இதைப் பிடிக்கும் முக்கிய வழி பாக்டீரியா வளர்ப்பு. ஆகவே நீரிழிவு உள்ளவர், தோட்டத்திலோ கட்டுமான இடத்திலோ வேலை செய்பவர், வெள்ளத்தில் நடந்தவர் என்றால் காசநோய்ச் சோதனையோடு இதையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவ விண்ணப்பத் தாளில் நீரிழிவு, மண் வேலை என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும், ஆய்வுக்கூடம் அதற்கென்று தனி ஊடகத்தில் போட்டு வளர்க்கும். எழுதாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

தனியாரின் தொகுப்புச் சோதனைக்கு வருகிறேன். ஒரே உறையில் பாக்டீரியா, வைரஸ், மருந்துக்கு அடங்காமல் செய்யும் சில மரபணுக்கள் எல்லாவற்றையும் சுமார் ஒரு மணி நேரத்தில் தேடித் தரும் கருவி அது. கட்டணம் பல நூறு வெள்ளி. மூச்சுத் திணறித் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் நோயாளிக்கு, இன்றிரவு எந்த மருந்து என்று முடிவெடுக்க வேண்டிய மருத்துவருக்கு, அந்தப் பணம் தகும். நடந்து வந்து வரிசையில் நிற்கும் இருமல்காரருக்குத் தகாது. அதிகம் விற்கும் நிமோனியாத் தொகுப்பின் பட்டியலில் காசநோய்க் கிருமியும் இல்லை, மெலியோய்டோசிஸ் கிருமியும் இல்லை; நம் ஊரில் முதலில் தேட வேண்டிய இரண்டையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேடுகிறது! முப்பது பெயர்களுக்கு நேரே இல்லை என்று அச்சடித்த தாளோடு வீடு திரும்புபவர் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிவிடுவார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: தொண்டையில் சும்மா தங்கியிருக்கும் கிருமியையும் அது கண்டுபிடிக்கும், தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் தொடங்கும். காசு கொடுத்தே தீருவேன் என்றால், எந்தெந்தக் கிருமி பட்டியலில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

மாமா சொன்ன ரத்தச் சோதனை சீக்கிரம் முடிகிற விஷயம். ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து, உடம்பில் இப்போது நடக்கும் காசநோயைக் கண்டறியும் பெட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. இக்ரா என்ற ரத்தச் சோதனையும் தோலில் போடும் மான்டோவும் கிருமி உடம்புக்குள் எப்போதோ நுழைந்திருக்கிறது என்று காட்டும். இன்றைய இருமலுக்கு அதுதான் காரணமா என்று காட்டாது. லெஜியோனெல்லா போன்ற சில நிமோனியாக்களுக்குச் சிறுநீர்ச் சோதனை உண்டு. அது மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு.

சளியே வரவில்லை என்றால்? வறட்டு இருமலோடு வருகிறவர்கள் நிறையப் பேர். அடர்த்தியான உப்புநீரை ஆவியாக்கி மூச்சில் இழுக்கவைத்துச் சளியை வரவழைப்பது முதல் வழி. காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்திய தனியறையில் செய்ய வேண்டியது. அதற்கும் வராவிட்டால், அல்லது புற்றுநோய்ச் சந்தேகமும் கூடவே இருந்தால், குழாய்க் கேமராவை நுரையீரலுக்குள் விட்டுக் கழுவி எடுப்பார்கள். மயக்க மருந்து, அரை நாள் படுக்கை, தனியாரில் என்றால் ஆயிரக்கணக்கில் வெள்ளி. உப்புநீர் முறையை முயலாமல் நேரே கேமராவுக்குப் போகச் சொன்னால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை. சிறு பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு அதிகாலையில் வயிற்றிலிருந்து எடுப்பது உண்டு. அதைக் குழந்தை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எந்தச் சோதனையானாலும் டப்பாவுக்குள் விழுவது சரியாக இருக்க வேண்டும். சளி என்றாலே முகம் சுளிக்கும் பழக்கத்தால், டப்பாவை நாளிதழில் சுற்றி, அதைப் பையில் போட்டு, பையைக் கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திறந்தால் உள்ளே இரண்டு துளி எச்சில். காலையில் எழுந்ததும், பசியாறுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். பால்கனி அல்லது வெளிவாசலில் நில்லுங்கள். குளியலறை வேண்டாம், மூடிய இடத்தில் கிருமி தங்கும். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து அடக்கி, அடிவயிற்றிலிருந்து இருமி, வருவதை நேரே டப்பாவில் துப்புங்கள். ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது ஐந்து மில்லிலிட்டர், இலக்கு. மூடியை இறுக்கி, பெயர் சரிபார்த்து, அன்றே சேர்த்துவிடுங்கள். தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள், உறையறையில் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் தொண்டைக் கிருமிகள் பெருகி எல்லாவற்றையும் மூடிவிடும். காசநோய்க்கு இரண்டு மாதிரி கேட்பார்கள். ஒன்றாவது அதிகாலைச் சளியாக இருக்கட்டும்.

ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் சளி கொடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாக லெவோஃபிளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் தட்டிவைக்கும். இருமல் குறைந்ததுபோல் இருக்கும், சோதனையும் இல்லை என்று சொல்லும், நோய் உள்ளே இருக்கும்.

செலவைப் பார்த்தால் ஒப்பீடே தேவையில்லை. கிளினிக் கெசிஹாத்தான் என்று பலகை போட்ட அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து தேவைப்பட்டால் கோலாலம்பூர் மருத்துவமனைக்கும் அதன் பக்கத்திலிருக்கும் சுவாச மருத்துவக் கழகத்துக்கும் கடிதம் கிடைக்கும். காத்திருக்கும் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்; ஒரு காலைப்பொழுது போய்விடும். தனியாரில் அந்தப் பொழுது மிச்சம். ஆனால் அங்கே காசநோய் கண்டுபிடிக்கப்பட்டாலும் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும்; மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்குப் பெரும்பாலோர் அரசாங்கக் கிளினிக்கைத்தான் நாடுகிறார்கள். வந்து சேரப்போகும் இடத்திலேயே தொடங்குவது மேல் என்பது என் கட்சி.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகங்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கட்டணமும் அதிகம், பயமும் அதிகம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவச் சோதனையான ஃபொமேமாவில் காசநோய் தெரிந்தால் வேலைக்குத் தகுதியில்லை என்றாகிவிடும். அந்தப் பயத்தில் இருமலை மறைப்பவர் தன்னோடு அறையில் படுக்கும் ஐந்து பேரையும் பணயம் வைக்கிறார். முதலாளிமார் இதைப் படித்தால், அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சளி கொடுக்கவைக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்; மூன்று பிளஸ் வந்தபின் ஆகும் செலவைவிட அது குறைவு.

கடைசியாக, முன்பே காசநோய் வந்து குணமானவர். மறுபடி இருமல் வந்தால் இவருக்கு மட்டும் வரிசை மாறும். கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் சிகிச்சை முடித்தவராக இருந்தால், ஜீன்எக்ஸ்பர்ட் பழைய, செத்த கிருமியின் மிச்சத்தையே காட்டக்கூடும். அல்ட்ராவில் மிகச் சிறிய தடயம் என்று வரும் முடிவுக்கு இது இன்னும் பொருந்தும். மருந்து அடங்காமை இருக்கிறதா என்று பார்க்க அந்தச் சோதனை இவருக்கும் வேண்டும்தான். ஆனால் நோய் திரும்பிவிட்டது என்று சொல்லும் உரிமை வளர்ப்புச் சோதனைக்கும், பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்ட புதிய எக்ஸ்ரேக்கும்தான். பழைய படத்தையும் சிகிச்சை அட்டையையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.